கத்தரிக்காய்ப் பால்கறி, மூன்று தடவை

தாதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய நல்ல தமிழால் ஒரு மனிதருக்கு வேலை போகப் பார்த்தது. எனக்கு ஜெர்மன் சரியாக வராததால் வந்த வினை என்றாலாவது ஒரு சாட்டுச் சொல்லலாம். இது தமிழால் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பாசலில் ஒரு மருத்துவமனையின் நோட்ஃபாலில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், இருபத்தெட்டு வருடம் நின்றவள் நான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இந்தக் கதையின் நாயகர் இதை எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார். தந்திருக்கிறார் என்ன, கலியாண வீடு, பிறந்தநாள் விழா என்று போகிற இடமெல்லாம் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறார். அவர் சொல்லும்போது என்னை உள்ளதைவிடக் கொஞ்சம் மோசமாகவே காட்டுகிறார். ஆகவே நான் முந்திக்கொள்வது எனக்கும் பாதுகாப்பு.

எங்கள் பிரிவில் அப்போது தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். உங்களைப் போல இங்கே பிறந்து, இரண்டு மொழியும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிற பிள்ளைகள் அப்போது வேலைக்கு வந்திருக்கவில்லை. ஒரு தமிழ் நோயாளி வந்துவிட்டால் போதும், எந்த அறையிலிருந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் உள்ளுக்குள் நல்ல பெருமை. நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிடும். உள்ளே போய், திரையை இழுத்துவிட்டு, தலைமாட்டில் நின்று, நான் எப்போதும் கேட்கிற முதல் கேள்வி:

"சாப்பிட்டாச்சோ?"

இதில் என்ன பிழை என்று யோசிக்கிறீர்கள். எனக்கும் இருபத்தாறு வருடம் விளங்கவில்லை.

அந்த மனிதர் முதல் தடவை வந்தது ஒரு வசந்த காலத்து மத்தியானம். ஐம்பத்தைந்து வயது. ட்ராம் சாரதி. கடைசித் தரிப்பிடத்தில் ட்ராமை ஒழுங்காக நிறுத்தி, கதவுகளைத் திறந்து, பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு இருக்கையிலிருந்து எழும்பியிருக்கிறார். எழும்பியவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். வருகிற வழியிலேயே கையில் ஊசி குத்திச் சேலைன் ஓடிக்கொண்டிருந்தது. எங்களிடம் வந்தபோது முகம் தெளிந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போய் என் கேள்வியைக் கேட்டேன்.

"சாப்பிட்டாச்சோ, தம்பி?"

"ஓம் அக்கா, சாப்பிட்டாச்சு."

"என்ன கறி?"

"கத்தரிக்காய்ப் பால்கறி."

"வடிவாச் சாப்பிட்டீங்களோ?"

"ஓம், ஓம். வயிறு நிறைய."

கணினியில் ஜெர்மன் மொழியில் பதிந்தேன்: நன்றாகச் சாப்பிடுகிறார், இன்றைய உணவு கத்தரிக்காய். இதயம் பார்த்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இரண்டு கிழமையில் இரண்டாவது தடவை. அதே கடைசித் தரிப்பிடம், அதே எழும்பல், அதே விழுதல், அதே அம்புலன்ஸ், அதே சேலைன். நானும் அதே கேள்வி. அவரும் அதே பதில். இந்த முறை நான் கொஞ்சம் கூடுதலாகக் கெட்டிக்காரியாகி, "வீட்டில ஏதும் யோசனையோ?" என்றும் கேட்டேன். "ஒரு யோசனையும் இல்லை அக்கா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். இருபத்தாறு வருட அனுபவம், ஒரு சிரிப்பில் கவிழ்ந்துவிட்டது.

மூன்றாவது தடவை விழவில்லை. எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்து நின்றதாகவும், வேலைத்தோழர் ஒருவர் தன் காரில் ஏற்றிவந்து வாசலில் விட்டதாகவும் சொன்னார். நடந்தே உள்ளே வந்தார். அன்றைக்குத்தான் விசயம் பெரிதானது.

அன்றைய பொறுப்பு மருத்துவர் நேர்மையானவர், ஆனால் எப்போதும் அவசரத்தில் இருப்பவர். பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார். ஐந்து கிழமைக்குள் மூன்று தடவை, காரணம் தெரியவில்லை, அப்படியானால் இந்த மனிதரை ட்ராம் ஓட்ட விடமுடியாது, இன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டிக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். தண்டவாளத்தை ஊன்றுகோலோடு கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாத மயக்கத்தை முன்னுக்கு உட்கார வைத்து ஓட்ட முடியாது.

இதை அவரிடம் தமிழில் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, பதினேழு வருசம் நான் ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவினனான். ஜெர்மன் படிச்சு, சோதினை எழுதி, ரெண்டு தரம் பெயிலாகி, மூண்டாந்தரம் பாசாகித்தான் இந்த வேலைக்கு வந்தனான். என்ரை மகளின்ரை கலியாணத்திலை கூட ஆக்கள் என்னை ட்ராம் அண்ணை எண்டுதான் சொன்னவை. அதை எழுதிப்போடாதேங்கோ."

எழுதுவது நான் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மருத்துவர் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தலைமைத் தாதி நின்று, மூக்கின் நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு திரையைப் படித்துக்கொண்டிருந்தார்.

இந்த அம்மையாரைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். மேற்பாசலின் மலைப்பக்கத்து ஊரொன்றிலிருந்து வந்தவர். நெட்டை. குரல் கரகரப்பு. நோயாளியிடம் நின்றபடி ஒருநாளும் கதைக்க மாட்டார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் கதைப்பார். ஒரு முதியவர் சனிக்கிழமை தோறும் முழங்கால் நோவு என்று வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு அலுத்துவிட்டது. இவர் கதிரையை இழுத்துப்போட்டு, "முன்பெல்லாம் சனிக்கிழமை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மனைவியோடு சந்தைக்குப் போவாராம். மனைவி இறந்து நாலு மாதம். முழங்கால் தேய்ந்திருந்தது உண்மை, அதற்கு மருந்தும் கொடுத்தோம். சனிக்கிழமையும் தேய்ந்திருந்தது, அதற்கு எங்கள் வாசலில் வருகிறவர்களுக்கு வழிகாட்டும் தொண்டர் வேலையை வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு மனிதர் எங்களையே அதட்டத் தொடங்கிவிட்டார். அது வேறு தொல்லை.

சரி, கணினித் திரைக்கு வருவோம். தலைமைத் தாதி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் தினமும் கத்தரிக்காயா சாப்பிடுகிறார்?"

எனக்கு விளங்கவில்லை.

"முதல் வருகை, கத்தரிக்காய். இரண்டாவது வருகை, கத்தரிக்காய். இன்றைக்கும் நீ இப்போதுதான் பதிந்திருக்கிறாய், கத்தரிக்காய். உங்கள் ஊரில் வேறு மரக்கறி இல்லையா?"

நான் சிரித்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் விரும்பிச் சாப்பிடுகிற கறி அது என்று விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். தேங்காய்ப்பால், வெந்தயம், பச்சைமிளகாய் என்று செய்முறைவரை போய்விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீர்களா என்று உன்னிடம் ஒரு தமிழர் கேட்டால் நீ என்ன சொல்வாய்?" என்றார்.

"சாப்பிட்டாச்சு என்பேன்."

"சாப்பிடாவிட்டால்?"

சாப்பிடாவிட்டாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள். இல்லை என்று சொன்னால் கேட்டவர் அடுப்பைப் பற்ற வைக்க ஓடுவார், வீண் கரைச்சல். அது பசியைப் பற்றிய கேள்வியே இல்லை. இங்கே சுவிஸ்காரர் யாராவது ஒரு துண்டு பாணைக் கடிப்பதைக் கண்டாலும் "என் குவெத்தே", நன்றாகச் சாப்பிடுங்கள், என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்களே, அதுபோல ஒரு முகமன். நான் மூன்று தடவை அந்த மனிதருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன், அவரும் மூன்று தடவை பதில் வணக்கம் சொல்லியிருக்கிறார், அதை நான் மருத்துவத் தகவல் என்று பதிந்துவைத்திருக்கிறேன். ஜெர்மன் பேசுகிற எந்தத் தாதியும் இந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. "இன்றைக்கு எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு" என்று கேட்டுத் தொலைத்திருப்பாள். எனக்கு வந்த வெட்கத்தை இப்போதும் சொல்ல முடியவில்லை.

"பத்து நிமிடம் கொடுங்கள்" என்று தலைமைத் தாதி மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

இரண்டு பேரும் உள்ளே போனோம். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நானும் ஒன்றை இழுத்துப்போட்டேன்.

"தம்பி, அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறி ஆர் வச்சது?"

"மனிசிதான் அக்கா."

"எப்ப வச்சவ?"

அவர் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"மனிசி இப்ப எங்கை?"

"கனடாவிலை."

தலைமைத் தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் "கனடா" விளங்கியது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். கத்தரிக்காய் கனடாவிலிருந்து எப்படி வந்தது என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. அந்த மனிதரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, சிரித்தபடியே அழத் தொடங்கினார்.

பிறகு எல்லாம் கொட்டுண்டு வந்தது. கனடாவில் கலியாணம் செய்து கொடுத்த மகள் கர்ப்பம். முன்பு ஒரு பிள்ளை தங்கவில்லை, ஆகவே தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். "நீர் போம், நான் சமாளிப்பன்" என்று இவர்தான் வலுக்கட்டாயமாக மனைவியை விமானம் ஏற்றினார். அந்த அம்மா போவதற்கு முன் நாற்பது பெட்டி கறி சமைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி, ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பால்கறியை உறைய வைக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

"ஒவ்வொரு நாளும் திறக்கிறனான் அக்கா. முன்னுக்கு இருக்கிறது கத்தரிக்காய்ப் பால்கறி எண்ட பெட்டி. அவவின்ரை எழுத்து. பாத்திட்டுப் பூட்டிப்போடுவன். தனிய இருந்து சாப்பிட இறங்குதில்லை."

"அப்ப என்னதான் சாப்பிடுறனீங்கள்?"

"காலமை ஒரு பிளேன்ரீ. பின்னேரம் ரெண்டு பிஸ்கற்."

"தண்ணி?"

"ட்ராம் ஓடேக்கை தண்ணி குடிச்சால் இடையிலை ஒண்டுக்குப் போக ஏலாது அக்கா. கடைசித் தரிப்பிடத்திலைதான் அதுக்கு இடம். அதாலை குடிக்கிறதில்லை."

"குளிசை?"

"அது ஒழுங்காப் போடுறனான்" என்றார் பெருமையாக. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, உடம்பிலிருந்து நீரை இறக்குவதற்கு ஒன்று. அந்த வீட்டில் ஒழுங்காக உள்ளே போனது அந்த இரண்டும்தான்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் தலைமைத் தாதி எழும்பிவிட்டார். சேலைன் ஏற்றாமல் அவர் எங்களிடம் வந்திருப்பது இதுதான் முதல் தடவை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முன்னைய இரண்டு முறையும் எங்களிடம் வரும்போதே சேலைன் உடம்புக்கு நீர் ஏற்றிவிட்டிருந்தது, பிறகு எங்களுக்கு என்ன தெரியும்? மருத்துவரைக் கூப்பிட்டோம். அவரைப் படுக்க வைத்து இரத்த அழுத்தத்தை அளந்தோம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மெல்ல எழுப்பி நிறுத்தி அளந்தோம். எண் எங்கள் கண் முன்னாலேயே கீழே இறங்கியது. மருத்துவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லொத்தர் விழுந்தவர் கூட அவ்வளவு சந்தோசப்பட்டிருக்க மாட்டார்.

"காரணம் இருக்கிறது, எழும்பும்போது அழுத்தம் விழுகிறது" என்றார் மருத்துவர். "குளிசையை மாற்றுவோம். இரண்டு கிழமை ஓய்வு. சாப்பாடு, தண்ணீர். பிறகு மறுபடி பரிசோதிப்போம். எல்லாம் சரியாக இருந்தால் ஓட்டலாம்."

ஆனால் இரண்டு கிழமையும் அவரைச் சாப்பிட வைப்பது யார்? நான் உடனே, "நம்பரைத் தாங்கோ, நான் உங்கடை மனிசியோடை கதைக்கிறன்" என்று கையை நீட்டினேன். அவர் பதறிவிட்டார்.

"வேண்டாம் அக்கா. தெரிஞ்சால் அடுத்த ப்ளைட்டிலை வந்திடுவா. பிள்ளை அங்கை தனிய. ஒவ்வொரு நாளும் அவ கேக்கிறவ, சாப்பிட்டாச்சோ எண்டு. நானும் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லிக்கொண்டு வாறன்."

அதே கேள்வி, அதே பதில். நான் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை, அந்த மனிதர் ஆறு கிழமையாக நாள்தோறும் பயிற்சி எடுத்திருக்கிறார்.

நான் விட்டிருப்பேனோ தெரியாது. அக்கா என்று கூப்பிட்டுவிட்டார் அல்லவா, எனக்கு உரிமை வந்துவிட்டது. தலைமைத் தாதி நான் நீட்டிய கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அவருடைய மனைவி, அவருடைய தொலைபேசி" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் வெளியே போய், பணியாளர் சமையலறையிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். உருளைக்கிழங்கு மசியல், பீன்ஸ், ஒரு துண்டு கோழி. தனக்கு ஒரு அப்பிள். தட்டை அவர் முன்னால் வைத்து, எதிரே உட்கார்ந்து, "என் குவெத்தே" என்று சொல்லி அப்பிளைக் கடித்தார்.

அந்த மனிதர் எங்களைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். எங்கள் மருத்துவமனை மசியலை இருபத்தெட்டு வருடத்தில் யாரும் அப்படி வழித்துச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. முடித்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, தானே தொலைபேசியை எடுத்தார். இங்கே பின்னேரம் மூன்று மணி, அங்கே காலை ஒன்பது. படத்தோடு அழைத்தார். மனைவியின் முகம் வந்தது.

"சாப்பிட்டாச்சோ?" என்றது அந்த முகம்.

"இல்லையப்பா" என்றார் அவர். "இவ்வளவு நாளும் இல்லை."

பிறகு கிடைத்த ஏச்சை நான் முழுதாக எழுதப் போவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி மட்டும்: "நான் உங்களுக்குச் சமைச்சு வச்சனானோ, இல்லை ஃப்ரீசருக்குச் சமைச்சு வச்சனானோ?" தலைமைத் தாதி என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். அப்பிள் புரைக்கேறியது.

அந்த அம்மா அடுத்த விமானத்தில் வரவில்லை. எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. அன்றிலிருந்து இவருடைய மத்தியானச் சாப்பாட்டு நேரமும் அவர்களுடைய காலைச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாகியது. தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, தாயும் மகளும் அங்கே சாப்பிட, இவர் இங்கே சாப்பிட்டார். சாப்பிட்டாச்சோ என்ற கேள்வியை அந்த அம்மா அடியோடு விட்டுவிட்டார். "சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டுங்கோ" என்றுதான் கேட்டாராம். இரண்டு கிழமையில் பதினொரு பெட்டி முடிந்தது. மறுபரிசோதனையில் நிறுத்தி அளந்தபோது எண் இருந்த இடத்தில் இருந்தது. மருத்துவர் கையொப்பம் வைத்தார். நான் வெளியே ஓடிப்போய் வைத்தியத்துக்கு ஒவ்வாத முறையில் அங்கே காத்திருந்த அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு நான் வேலையில் இருந்த கடைசி நாள்வரை தமிழ் நோயாளிகளிடம் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பதை நிறுத்தவில்லை. அது வணக்கம், அதை நிறுத்தினால் அவர்கள் என்னைச் சுவிஸ்காரி என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, "ஆர் சமைச்சது, ஆரோடை இருந்து சாப்பிட்டனீங்கள்" என்று கேட்கத் தொடங்கினேன். எத்தனையோ நெஞ்சு நோவும் தலைச்சுற்றும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாய் திறந்தன. உங்களுக்கு என்னைவிட நல்ல ஜெர்மன் இருக்கிறது. தமிழும் இருக்கிறது. உங்கள் சொந்த மொழியில் வருகிற பதிலை இரண்டாந்தரம் கேளுங்கள். மற்ற மொழியில் வருவதை நீங்கள் எப்படியும் கவனமாகத்தான் கேட்பீர்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் நடந்ததையும் சொல்லாவிட்டால் அந்த மனிதர் அடுத்த கலியாண வீட்டில் சொல்லிவிடுவார்.

மத்தியானம் ஒரு மணியளவில் கடைக்குப் போகலாம் என்று ட்ராமில் ஏறினேன். யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுக் கடைசித் தரிப்பிடம்வரை போய்விட்டேன். முன் கதவு திறந்தது. இருக்கையிலிருந்து ஒரு சாரதி நன்றாக எழும்பி, நேராக நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"அக்கா, எப்பிடி? சாப்பிட்டாச்சோ?"

"ஓம், சாப்பிட்டாச்சு தம்பி."

"என்ன கறி?"

என் பிள்ளைகள் சூரிச்சில். வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் ஒரு கோப்பி குடித்திருந்தேன், அவ்வளவுதான். ஒருத்திக்காக அடுப்பை மூட்டுவானேன் என்று எத்தனை நாளாக இப்படி ஓடுகிறது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. என் வாயில் முதலில் வந்தது எது தெரியுமா?

"கத்தரிக்காய்ப் பால்கறி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தரிப்பிடத்தில் இருந்த வாங்கு ஒன்றில் தன் பையை வைத்து, என்னை இருக்கச் சொல்லி, தானும் பக்கத்தில் இருந்தார்.

"ஆர் சமைச்சது, அக்கா?"

நான் என் கைப்பையின் உள்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். கனடாவிலிருந்து மகளும் பேரப்பிள்ளையும் வந்து நிற்கிறார்களாம், இன்னும் இருபது நிமிடத்தில் அவருக்கு வேலை முடிகிறதாம்.

"இஞ்சை, ஒரு கோப்பை கூட வையும்" என்றார் தொலைபேசியில். "நோட்ஃபால் கேஸ் ஒண்டு கூட்டிக்கொண்டு வாறன்."